ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நான் பேசிய பேச்சு

சென்ற ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வழியில் இருக்கும் பள்ளங்களை எண்ணிக்கொண்டே நடப்பது என் வழக்கம். பதினான்காவது பள்ளத்தில், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே வந்த ஓர் இளைஞர் என் கண்ணெதிரே பைக்கோடு விழுந்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காலை அசைக்க முடியாமல் முனகினார். ஹெல்மெட் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

“மாமே, இன்னா சத்தம் அது? லைன்ல கீறியா?”

“வுழுந்துட்டேன்டா. போனை வையிடா!”

உடனே 108-ஐ அழைத்து இடத்தைச் சொன்னேன். “டிரைவர் இதே நம்பருக்குக் கூப்பிடுவார் சார், போனைக் கையிலயே வச்சிருங்க” என்றார் அழைப்பை எடுத்த பெண். கையில்தான் வைத்திருந்தேன். சும்மா வைத்திருக்கத்தான் தெரியவில்லை.

வீடு திரும்ப நேரமாகும் என்று சொல்ல மனைவியை அழைத்தேன். ஆம்புலன்ஸ் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

“ஐயோ, எங்கங்க அடி? மறைக்காம சொல்லுங்க!”

“எனக்கில்லைம்மா.”

“அப்புறம் ஏன் குரல் நடுங்குது?”

என் குரல் எப்போதும் நடுங்கும் குரல்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நடுநடுவே காதில் ‘பீப் பீப்’ என்றது. பேட்டரி தீரப்போகிறது என்று பயந்து இன்னும் வேகமாகப் பேசினேன். தூரத்தில் சைரன் கேட்டது; கிட்டே வந்தது; அப்படியே விலகிப் போய்விட்டது. அவளை ஒருவழியாக நம்பவைத்து, அவள் அழுதுகொண்டே சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று அம்பத்தூரில் வேலையிலிருந்த மகனை அழைத்தேன். மறுபடியும் பீப் பீப்.

கீழே கிடந்தவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “நைனா, கொஞ்சம் போனை வையி நைனா. வண்டி ஓட்டிகினு வந்த நானே இவ்ளோ பேசல!”

வைத்தேன். வைத்ததுமே மணி அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

“எவ்ளோ நேரமா சார் பிஸி பிஸின்னு வருது! மெயின் ரோட்டுல ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டேன். எந்தத் தெருவுல திரும்பணும்?”

பீப் பீப் என்றது பேட்டரி அல்ல, அவர்தான். ஆறு முறை அழைத்திருக்கிறார்.

தெருவைச் சொன்னதும் வண்டி வந்துவிட்டது. கால் எலும்பு முறிவு, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, “இனிமேலாவது வண்டி ஓட்டும்போது பேசாதீங்க தம்பி” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலுக்குப் பதில் தலையில் அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆம்புலன்ஸை அழைத்த நொடியிலிருந்து அது வந்து சேரும்வரை, அந்தப் போன் என்னுடையதல்ல, கீழே கிடப்பவருடையது.