முத்தட்டி என்றொரு சொல்

1993இல் நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பகல் முழுக்கக் காதில் முகம் தெரியாத குரல்கள். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற கடை. அந்த வருஷம் கடைக்காரர் முழுசாகக் கேசட்டுக்கு மாறினார். பழைய ரிகார்டுகளைக் கோணிச் சாக்கில் போட்டு வாசலில் வைத்திருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கவனித்து, "வேணும்னா எடுத்துக்கினு போம்மா. இங்க இருந்தா எலிதான் கடிக்கும்" என்றார். ஒரு பிளேயரையும் சேர்த்தே கொடுத்தார்.

பிறகு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. ரிகார்டுகளும் கூடவே வந்தன. வீட்டில் நான் ஒருத்திதான் கேட்பேன். இருபது வருஷம் கழித்து, செல்போனில் ரிகார்டுப் பிரியர்களின் குழு ஒன்றில் சேர்ந்தபோதுதான் எனக்குத் துணை கிடைத்தது. அதில் தினமும் காலையில் ஒரு தலைப்பு வரும். இன்று மழை, இன்று வயலின், இன்று கிழிந்த உறை என்று ஏதாவது ஒன்று. தலைப்புக்குப் பொருத்தமான ரிகார்டைப் படம் எடுத்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். காலையில் அரிசி களைந்துகொண்டே எந்த ரிகார்டு என்று யோசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் தலைப்பு, 'கீறல் விழுந்த ரிகார்டு'. திண்டிவனத்துச் சாக்கிலிருந்து வந்த ஒரு கும்மிப் பாட்டு ரிகார்டு என்னிடம் இருந்தது. லேபிள் முழுக்க உரிந்துபோய், யார் பாடியது, எந்த வருஷம் என்று எதுவுமே தெரியாது. மூன்றாவது வரியில் பெண்கள் 'முத்து' என்று எடுத்ததுமே ஊசி துள்ளிப் பாதி வரியை விழுங்கிவிட்டு, 'தட்டி' என்ற இடத்தில் போய் உட்காரும். கேட்பவருக்கு 'முத்தட்டி' என்று விழும். கொஞ்சம் வெட்கத்தோடுதான் அனுப்பினேன்.

மத்தியானம் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் திண்டிவனத்தில் நர்சாக இருக்கும் பெண். சொந்தமாக ஒரு ரிகார்டுகூடக் கிடையாது, கேட்பதற்கென்றே குழுவில் சேர்ந்தவர்.

"அக்கா, இது எங்க ஊரு பாட்டு. மரக்காணத்துக்குப் பக்கத்துல கடலோரம் எங்க குப்பம். நான் சின்னப் புள்ளயா இருக்கச்சொல, ஆடித் திருவிழாவுக்குத் திண்டிவனத்துலேர்ந்து ரேடியோ செட்டு கட்ட வர்றவங்க வருஷா வருஷம் இத போடுவாங்க. நீங்க முழுசா அனுப்பல. கடைசில மேளம் வர்ற எடத்துல இன்னொரு தபா துள்ளும். பாருங்க."

கடைசிவரை அந்த ரிகார்டைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஓடவிட்டேன். மேளம் எழுந்தது. ஊசி துள்ளியது. அந்தப் பாட்டு எத்தனையோ பேரிடம் இருக்கலாம். இந்தக் கீறல் உலகத்தில் இந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது. அதை ஒரு பெண் சிறுவயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

அந்த ஆடித் திருவிழாவுக்கு நர்ஸ் என்னைத் தன் குப்பத்துக்குக் கூப்பிட்டார். பிளேயரையும் ரிகார்டையும் பையில் வைத்து, திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனேன். சாயங்கால வெயிலில் கோயில் முன்னால் மணலில் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். ரேடியோ, ஸ்பீக்கர் எதுவும் இல்லை. தாங்களே பாடிக்கொண்டு கும்மி அடித்தார்கள். மூன்றாவது வரியில் எல்லாரும் 'முத்தட்டி' என்று பாடி, ஒரே நேரத்தில் ஒரு துள்ளு பின்னால் துள்ளினார்கள். சின்னப் பெண்கள்கூடத் தப்பாமல் துள்ளினார்கள்.

நர்சின் அம்மாவிடம் அது என்ன என்று கேட்டேன்.

"அதுதாம்மா முத்தட்டி. அந்த எடத்துல காலு ஒரு தபா பின்னால போவணும். போவலன்னா அடுத்த கைதட்டு தப்பிப் பூடும்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"முத்தட்டின்னா முத்தட்டிதான். கொழந்தைங்க அலைக்குப் பயந்து பின்னால துள்ளுச்சின்னா, இன்னாடி முத்தட்டி போடறேன்னு கேப்போம்."

யாரோ ஒருவர் கவனக்குறைவாக ஊசியை வைத்ததில் விழுந்த கீறல் அது. ஊசி துள்ளிய இடத்தில் ஒரு ஊரே துள்ளக் கற்றுக்கொண்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டது.

கோயில் பிளக்கில் பிளேயரைச் சொருகி ரிகார்டை ஓடவிட்டேன். பெண்கள் சிரித்துக்கொண்டு அதற்கும் ஆடினார்கள். கடைசித் துள்ளலிலும் ஒருவர் பிசகவில்லை.

ஊர் திரும்பிக் குழுவில் இதை எழுதினேன். கொஞ்ச நாளில் ஒருவர் அதே பாட்டின் கீறலில்லாத ரிகார்டைத் தேடிப்பிடித்து, முழுசாகப் பதிவு செய்து அனுப்பினார். விழுங்கப்பட்ட சொற்களை முதல் தடவையாகக் கேட்டேன். 'முத்து மாலை கட்டிக் கை தட்டி' என்று இருந்தது. அழகான வரிதான். அந்தப் பதிவை நர்சுக்கு அனுப்பி, அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

மறுநாள் பதில் வந்தது. அம்மா இரண்டு தடவை பொறுமையாகக் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: "நல்லாத்தான் கீது. ஆனா இது வேற பாட்டு."