அழ வேண்டிய இடம்

கண்டியில் ஒரு சாரிக் கடையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். லீவு நாட்களில் நாடகம் நடிக்கிறேன். போன வருடம்தான் பெரிய வேஷம் கிடைத்தது. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும் மகளைத் தடுத்து அழுகிற அம்மா.

முதல் மேடையேற்றம் ஒரு பாடசாலை மண்டபத்தில், பகல் மூன்று மணிக்கு. மகளாக நடித்தவள் தெல்தோட்டையில் ஆசிரியை. ஒத்திகைகளில் பழைய பெட்ஷீட்டைத்தான் வீசுவாள். அன்று உண்மையான கூறைச் சாரியை என் காலடியில் வீசி, "இந்தச் சாரி எனக்கு வேணாம்!" என்று கத்தினாள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். ஆனால் குனிந்து சாரியை எடுத்து, ஓரம் பார்த்து மடித்து, "வேற கலர் காட்டவா?" என்று கேட்டுவிட்டேன்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அவள்தான் சமாளித்தாள். "எந்தக் கலரும் வேணாம்மா, என்னைய விட்டுருங்க" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அடக்கியது சிரிப்பை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முடிந்ததும் இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். அடுத்த வாரம் மடுல்கெல்லையில போடுறப்பவும் அதையே சொல்லுங்க. சனம் சிரிக்கட்டும்" என்றார்.

ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று அந்த வசனத்தைப் பழகினேன். மடுல்கெல்லையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மகளைத் தக்கவைக்க அந்த அம்மா கடைசியாக ஒருமுறை கெஞ்சுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். இயக்குநருக்குப் பெரிய ஏமாற்றம்.