மூணரை மணிக் கோணல்

இருமல் மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் அவர் மேற்பார்வையாளர். கையில் எந்நேரமும் ஓர் அடிஸ்கேல் இருக்கும். லேபிள் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் பாட்டில் திரும்பி வந்துவிடும். அப்பா அம்மா வைத்த பெயர் வீட்டோடு நின்றுபோய், வேலையிடத்தில் அவர் ‘அடிஸ்கேல் சார்’ ஆனார். இது அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாத மாதிரியே அவரும் இருந்துகொண்டார்.

திடீரென்று அவருக்கு ஒரு தலைவலி முளைத்தது. காலையெல்லாம் நேராக உட்காரும் லேபிள்கள், மூணரையிலிருந்து நாலரை வரை மட்டும் கோணிக்கொண்டன. தினமும் நாற்பது பாட்டிலாவது வீண். சாப்பாட்டு மயக்கம் என்று டீ நேரத்தை முன்னால் தள்ளினார். டீ குடித்துவிட்டுப் பெண்கள் தெம்பாகக் கோணலாக ஒட்டினார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டார், பசையை மாற்றினார். கடைசியில் ‘கவனம்’ என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். அதுவே லேசாகச் சாய்ந்திருந்தது. சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வேறு வழியில்லாமல் ஒருநாள் பாட்டில்களை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார். மூணரை ஆனதும் பதினான்கு பெண்களில் ஒன்பது பேரின் கண் அவர் பக்கமே போய்ப் போய் வந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர்கள் பார்த்தது அவரை இல்லை, அவர் மேசைக்குக் கீழே பூட்டியிருந்த பெட்டியை. வேலை நேரத்தில் எல்லார் போனும் அதற்குள்தான் கிடக்கும்.

அவர்களில் வாயாடி என்று பெயரெடுத்தவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க வர்ற நேரம் சார். பையன் வீட்டுக்கு வந்துட்டானான்னு தெரியற வரைக்கும் கை மட்டும்தான் இங்க இருக்கும்.”

“இத்தனை நாளா ஏம்மா சொல்லல?”

“நீங்க லேபிளப் பத்தித்தானே சார் கேட்டீங்க?”

கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடு இருப்பவர் அவர். தினமும் ஒரு மணிக்கு ஆபீஸ் போனில் கூப்பிட்டு, அக்கா மாத்திரை போட்டாளா என்று கேட்காமல் அவருக்கே சோறு இறங்காது. அது ஞாபகம் வந்து காது சூடாயிற்று.

மறுநாளிலிருந்து மூணரைக்குப் பெட்டி ஐந்து நிமிஷம் திறந்தது. ஒரு வாரத்தில் கோணல் ஆறு பாட்டிலுக்கு இறங்கியது. சொல்லிவைத்த மாதிரி அந்த ஐந்து நிமிஷத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் ‘கையக் கழுவு’, ‘தங்கச்சிய அடிக்காத’ என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். இது என்ன சந்தைக்கடை என்று கேட்டவரிடம், அடிஸ்கேல் சார் கோணல் பாட்டில் கணக்கை நீட்டினார். முதலாளி பார்த்துவிட்டு “ம்” என்றார். அந்த ‘ம்’மை இவர் எழுத்துமூல உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒருநாள், வாயாடியின் பையன் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டை எடுத்து, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். என்ன அவசரமானாலும் வண்டி இருபதைத் தாண்டவில்லை. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

பையன் பக்கத்து வீட்டுச் சோபாவில், சீருடையோடு அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் எழுப்பித் திட்டினாள், திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டாள். வாசலில் நின்றவர் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்த்திருக்கு?”

“வெயில்மா” என்றார். வானம் மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது.

வேலை நேரத்தில் வெளியே போனதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார் முதலாளி. ‘பையன் தூங்கிவிட்டான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணமே ஆகாதவருக்கு ஏது பையன் என்று முதலாளி கேட்கவில்லை.