சரியாக இருந்த பல்செட்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அம்மாவின் பல்செட்டை அரைத்தது. சாப்பாட்டு மேசைமேல் மகள் விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கடி எங்கே படுகிறது என்று காட்டும் நீலத்தாளை அம்மா கடித்துவிட்டு, செட்டைக் கழற்றி நீட்டினாள்.

"எங்கடி அழுத்தமா பதிஞ்சிருக்கு?"

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான்மா இருக்கு."

"அப்ப தாள் பொய் சொல்லுது. நாலு வாய் மென்னா தாடை கழண்டு விழற மாதிரி வலிக்குது. ஊருக்கெல்லாம் பல்லு கட்டினவளுக்குச் சொந்தப் பல்லு சதி பண்ணுது பாரு." பொக்கை வாயால் சிரித்தாள்.

"மெல்லாம நிறுத்தினா?"

"சரியாயிடுது. அதுக்காகப் பட்டினி கிடக்கச் சொல்றியா?"

அம்மா அரத்தை எடுத்தாள். அந்த மாதத்தில் அது ஐந்தாவது முறை.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்தெட்டு வருடமாகப் பல்செட் செய்கிறவள். மெழுகு, அச்சு மாவு, சன்னல் இல்லாத சுவர். கணவன் போன பிறகு அந்த அறைதான் மகளைப் படிக்க வைத்தது. ஆட்களின் முகம் அவளுக்கு மறந்துபோகும், கடி மறக்காது. பேருந்தில் எதிரே யாராவது கொட்டாவி விட்டால், "மேல் செட்டு நம்மளுது" என்று மகளின் விலாவில் இடிப்பாள்.

வாயில் எது வலித்தாலும் குற்றம் செட்டின்மேல்தான் என்பது அவள் தீர்ப்பு. நெற்றிப்பொட்டில் சீப்புப் பட்டாலே வலித்ததை வெயில் என்றாள். வலக்கண்ணில் இரண்டு நிமிடம் திரை விழுந்து விலகியபோது, பல்பு சரியில்லை, மாற்று என்றாள். மகள் மாற்றினாள்.

மகளுக்குத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. 'கருவி சரியாக இருந்தால் அதைத் திருகாதே, கோளாறு வேறெங்கோ இருக்கிறது' என்று புதிதாக வருபவர்களுக்கு ஓயாமல் சொல்பவள். வீட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிந்தபோது அம்மாவின் வலக்கண்ணில் வெளிச்சம் இல்லை.

கண் டாக்டர் பார்த்து முடிப்பதற்குள் கேட்டார். "மெல்லும்போது தாடை வலிக்குதாம்மா?"

"கண்ணுக்கு வந்தா பல்லைக் கேக்கறீங்களே!"

"வயசானவங்களுக்குச் சில சமயம் நெற்றிப்பொட்டுல ஓடற ரத்தக்குழாய் வீங்கிக்கும். தாடைக்கு ரத்தம் பத்தாம வலிக்கும். அப்புறம் கண்ணுக்கும் பத்தாது. போன கண்ணு போனதுதான். இன்னொண்ணைக் காப்பாத்தணும்னா இன்னைக்கே மருந்து ஏத்தணும்."

"ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா?" என்றாள் மகள்.

டாக்டர் தலை நிமிராமல் சீட்டு எழுதினார்.

இடக்கண் தப்பியது. மூன்றாம் நாள் வீடு திரும்பிய அம்மா, அந்த ஒற்றைக் கண்ணால் தன் வேலை நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"கடிகாரக்காரர் இருக்காரே, பாலத்தடியில கடை போட்டிருக்கறவர். மெல்லும்போது தாடை வலின்னு போன மாசம் மூணு தடவை வந்தார்டி. மூணு தடவையும் அரைச்சுக் கொடுத்தேன். கடைசித் தடவை, உங்களுக்கு வாயில வலியா, வாயே வலியான்னு கேட்டு அனுப்பினேன்."

"போன் பண்ணி உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லிடலாம்மா."

"அவர்கிட்ட ஏது போன்? திங்கக்கிழமை நேர்ல போறேன்."

"நீ படுத்திரு. நான் போறேன்."

"நீ சொன்னா நம்ப மாட்டார். அரைச்சவ நான். தப்புன்னு நான்தான் சொல்லணும்."

அவள் பிடிவாதம் மகளுக்குத் தெரியும். மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை. சரி என்றாள்.

ஞாயிறு மதியம் அதே நோயில் அம்மாவின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தது. மருத்துவமனையில் விரல்களை நீட்டி எண்ணச் சொன்னார்கள். வாய் கோணி, சொல் குழறியது. ஆனாலும் எண்ணிக்கை தப்பவில்லை. இடக்கண் அவ்வளவு நன்றாக இருந்தது. செவ்வாய் அதிகாலை போய்விட்டாள்.

நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. 'கடிகாரக்காரர். கீழ் செட். தாடை வலி. அரைத்தாச்சு.' அதன் கீழே, கோடு தாண்டிச் சரிந்த எழுத்தில், 'திங்கள், நேரில்.'

இன்று வியாழன். பாலத்தடிக்கு இன்னும் யாரும் போகவில்லை.