லீவில் பால் வெட்ட வந்த வாத்தியார்

பள்ளிக்கூடம் மூடுகிற நாட்களில் வாத்தியார்மார் இப்போதும் வேறு வேலை பார்க்கிறார்களா, எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எங்கள் தோட்டத்து வாத்தியார் பார்த்தார். யட்டியாந்தோட்டைப் பக்கம், ரப்பர் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, புல்லு வெட்டத்தான் விடுவார்கள். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். அது கிடக்கட்டும்.

லீவு நாளுக்கு வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை. மனைவிக்கு நிறைமாதம். ஒரு சித்திரை லீவில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற விடியற்காலைப் பெரட்டில் அவரும் வந்து நின்றார். கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். பெண்கள் சிரித்தார்கள்.

"என்னா வாத்தியாரே, மரத்துக்கு அரிச்சுவடி சொல்லித் தரப் போறீங்களா?"

"பதினஞ்சு நாளைக்குத்தான் தாயி. பள்ளிக்கூடம் தொறந்ததும் போயிருவேன்."

என் மரங்களுக்குப் பக்கத்து மரங்களைக் கங்காணி அவருக்குக் கொடுத்தார். கத்தி பிடிப்பதை ஒருமுறைதான் காட்டினேன். எழுதிப் பழகிய கை. பட்டை மெல்லிய சுருளாக விழும், மரத்தில் காயமே இருக்காது. நான் காயப்படுத்தி அந்த மாதம் இரண்டு தடவை அரைப்பேர் வாங்கியிருந்தேன், அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான்.

ஒருநாள் துரை வந்து அவருடைய மரங்களை விரலால் தடவிப் பார்த்து, யார் வெட்டியது என்று கேட்டார். இடையில் அவரை நிறுத்திவிடக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன்.

"வாத்தியாருங்க. இந்த மலையிலேயே இவரு கைதாங்க நல்ல கை."

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. பெரட்டில் கணக்கப்பிள்ளை சொன்னார்:

"வாத்தியாரே, நீங்க வெட்டுலயே நில்லுங்க. தொரை உத்தரவு. பள்ளிக்கூடத்துக்கு எங்க மச்சான் வர்றாரு."

"பதினஞ்சு நாள்னு சொல்லித்தானேங்க வந்தேன்?"

"வேணாம்னா காம்பராவ விட்டுட்டுப் போங்க."

காம்பரா தோட்டம் கொடுத்த வீடு; அதை விட்டு நிறைமாதக்காரியை அழைத்துக்கொண்டு எங்கே போவார்? வாளியை எடுத்துக்கொண்டார். மேலே ஏறும்போது அவரிடம் சொன்னேன்.

"தொரைகிட்ட ஒங்க கைய மெச்சுனது நாந்தாங்க."

"தெரியும்." கொஞ்ச தூரம் நடந்தார். "காயம் படுற மாதிரி வெட்டுனா, விட்டுருவாங்களாப்பா?"

"அரைப்பேருதாங்க போடுவாங்க."

சரி என்று தலையாட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று கீழே மணி அடித்தது. நாங்கள் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வெயில் ஏறுமுன் முடிக்க இன்னும் பாதி மரம் இருந்தது.