பலூனைத் தள்ளியது யார்

பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் ஒரு கீச்சுச் சத்தம் வரும், கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். என் தலையில் தேய்த்தபோதோ அந்தச் சத்தமே இல்லை, பலூன் வழவழவென்று வழுக்கிக்கொண்டு போனது, கையில் மிஞ்சியது தேங்காய் எண்ணெய் வாசனைதான்.

மலேசியாவின் கோல சிலாங்கூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் நான் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மின்னூட்டங்களைப் பெருக்கி, ஒரு மாறிலியாலும் பெருக்கி, இடைவெளியின் இருமடியால் வகுத்தால் அவற்றுக்கு இடையிலுள்ள விசை கிடைக்கும் என்று இயற்பியல் வகுப்பில் சொன்னார்கள். பார்த்தால் சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும், அதில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். கழித்தல் குறியைச் சூத்திரத்துக்குள்ளும் போட்டுவிட்டு, விடை கழித்தலில் வந்ததும் அம்புக்குறியையும் திருப்பிவிடுவேன். ஒன்றையொன்று இழுக்க வேண்டிய மின்னூட்டங்கள் என் தாளில் மட்டும் முறைத்துக்கொண்டு விலகிப் போகும். "குறிய விட்டுடு, அளவ மட்டும் போடு, திசைய படத்துல பாரு" என்று ஆசிரியை சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். என் சந்தேகமோ வேறு. தொடாமலே ஒன்று இன்னொன்றை எப்படித் தள்ளும்? கண்ணால் பார்க்காததற்கு எந்தப் பக்கம் அம்பு போடுவது?

அம்மா பாமாயில் தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்குகிறவள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண் பல்கலைக்கழகம் போக வேண்டும், அது தன் மகளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள். முதல் தவணைத் தேர்வில் நான் தேறவில்லை என்று தெரிந்ததும், "பிசிக்ஸ் வேணாம் லா, ஆர்ட்ஸுக்கு மாறிடு. பெயிலாயி ஃபேக்டரி பஸ்ஸுல ஏறவா ஒன்ன படிக்க வெச்சேன்?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செய்முறைப் பாடத்துக்குக் கொடுத்திருந்த பலூன் சோதனையைத் திங்கட்கிழமைக்குள் முடிக்காவிட்டால் மாறிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஆணியில், ஆளுக்கொரு மீட்டர் நூலில் இரண்டு பலூன்களைத் தொங்கவிட்டு, இரண்டையும் முடியில் தேய்த்துவிட வேண்டும். இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் ஏறுவதால் அவை விலகி நிற்கும். விலகிய தூரத்தை அளந்தால் விசை கிடைக்கும், விசை தெரிந்தால் மின்னூட்டத்தைக் கணக்கிடலாம். எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கியவையோ புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டிக்கொண்டே நின்றன.

சனிக்கிழமை என் வகுப்புத் தோழி பரிதா வந்தாள். அவள் அப்பா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவள் பலூனைப் பார்க்கவே இல்லை, என் பின்னலைத்தான் தொட்டுப் பார்த்தாள். "அடிப்பாவி, இம்புட்டு எண்ணெய வெச்சிக்கிட்டா தேய்க்கிற? ஒன் தலையில அப்பளமே பொரிக்கலாம் லா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பிறந்ததிலிருந்து தலையில் இருப்பது என்பதால் எனக்கு அது எண்ணெய் என்றே தோன்றவில்லை. அன்றைக்கே ஷாம்பூ போட்டு அலசு அலசென்று அலசினேன். "எழவு வீட்டுக்காரி மாதிரி என்னாடி தலைய விரிச்சிப் போட்டிருக்க?" என்று அம்மா கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் பலூன்கள் அசையவில்லை. விடாத மழை, சுவரெல்லாம் ஈரம். ஏறுகிற மின்னூட்டமெல்லாம் அந்த ஈரத்திலேயே கசிந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க கட மாடியில ஏர்கோன் ரூம் இருக்கு, காத்து நல்லா காஞ்சி இருக்கும், வா" என்று மறுபடி வந்த பரிதா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அறை ஆணியில் தொங்கவிட்டுத் தேய்த்ததும் பலூன் கீச்சிட்டது. முடி தனித்தனியாக எழுந்து நின்றது. கையை விட்டதும் இரண்டு பலூன்களும் சட்டென்று விலகின. மின்விசிறி ஓடவில்லை, யாரும் தொடவில்லை. ஒன்றின் நூலைப் பிடித்து நெருக்கினால் மற்றது ஒதுங்கியது, நெருங்க நெருங்க அதன் முரண்டு மளமளவென்று கூடியது. இருமடி என்று நான் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இடைவெளி இருபது சென்டிமீட்டர். விசை, பலூனின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வந்தது. மின்னூட்டமோ ஒரு கூலோமைக் கோடிக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறுகூட இல்லை. இத்தனூண்டுதானா என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது.

என்னைக் காணாமல் அம்மா மழையில் நனைந்துகொண்டு அங்கேயே தேடி வந்துவிட்டாள். திட்டத்தான் வந்தாள், பலூன்களைப் பார்த்ததும் அதை மறந்து கிட்டே போனாள். கம்பி கிம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"யாருடி தள்ளுறா?"

"யாரும் இல்லம்மா. மின்புலம்னு ஒண்ணு இருக்கு, அதான் தள்ளுது."

"அது என்னா?"

"சார்ஜ் இருந்தா, அத சுத்தி மின்புலம் இருக்கும்..."

"அதும் பேர கேக்கலடி. அது என்னான்னு கேட்டேன்."

"தெரியலம்மா" என்றேன். இவ்வளவு பாடுபட்டும் அம்மா என்னை மாறத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பலூன்களை விட்டு அவள் கண் நகரவில்லை. "தெரியாம எப்பிடிடி பாதியில விடுவ? படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள்.

நான் மாறவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் புதிதாகக் கற்ற ஒரு பதிலைக் கொண்டு வருவேன், அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது எப்பிடி?" என்று அடுத்ததைக் கேட்பாள், நான் மறுபடி புத்தகத்துக்கே போவேன். இப்போது நானே இயற்பியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களின் கைப்பேசித் திரையில் எந்த மழையிலும் பலூன்கள் விலகுகின்றன, எண்ணும் கூடவே வந்துவிடுகிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், பரிதாவின் அப்பா கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். அவளிடம் சொல்ல இப்போது என்னிடம் கொஞ்சம் நல்ல பதில் இருக்கிறது. அதையும் மடக்கிக் கேட்கத்தான் ஆள் இல்லை.