திரைக்குப் பின்னால் கரண்டியக்கா

அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையைத் தனியாளாய் ஆண்டவள் கரண்டியக்கா. கணவர் முதுகு ஒடிந்து படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிக்கும் கை அவளுடையது மட்டும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வேலை ஆயுசுக்கும் நிலைத்திருக்கும். ஆனால் நோயாளிகளுக்கான பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றச் சொன்னார் முதலாளி. சத்தில்லாமல் படுக்கைப்புண் ஆறுமா? கிழவிகள் எலும்பும் தோலுமானார்கள். பொறுக்க முடியாமல், இல்லங்களுக்கு உரிமம் தரும் ஆணையத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, நீங்க யாருன்னு ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது" என்றார் ஆணையத் தலைவர்.

விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. ஓரத்தில் ஒரு பச்சைத் துணித் திரை. ஆஸ்பத்திரியில் பெட்பேன் வைக்கும்போது தள்ளிக்கொண்டு வருவார்களே, அதே ரகம். அதன் பின்னால் கரண்டியக்கா. முன்வரிசையில் முதலாளி, கால்மேல் கால் போட்டபடி.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சாட்சியோட பேரை யாரும் கேக்கக் கூடாது. அது அவங்க அந்தரங்கம். சரி, சொல்லுங்கம்மா, அந்த இல்லத்துல சமையல் பண்றது நீங்க ஒருத்தர்தானே?"

கூடம் கொல்லென்று சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வேலை போச்சு என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்து முதலாளியின் முறை. தினமும் எவ்வளவு பால் வாங்குகிறீர்கள் என்றதும் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது.

"அது தொழில் ரகசியங்க. இத்தனை பேர் முன்னாடி எப்படி?"

"நியாயந்தான்" என்றார் தலைவர். "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியே இருங்க."

கரண்டியக்கா திரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏங்கய்யா, என்னை நடுக்கூடத்துல நிக்க வெச்சாச்சு, இனிமே எனக்கெதுக்கு இது? முதலாளிக்குப் போடுங்க, பாவம், வெக்கப்படறாரு."

"அம்மா! ஒழுங்கா உக்காருங்க!"

"ஒரு பங்கு பால், ஒரு பங்கு தண்ணி. அவ்வளவுதான் ரகசியம். இப்ப எல்லாரும் வெளியே போங்க, யாரு வேணாங்கறா?"

அன்று மாலையே வேலை போயிற்று. ஆணையத்தின் அறிக்கையோ "ஓர் இல்லம்" எச்சரிக்கப்பட்டதாகச் சொன்னது. எந்த இல்லம் என்று சொன்னால் அதன் மானம் என்னாவது?

கரண்டியக்கா இப்போது ஒரு மாணவர் விடுதியில் குறைந்த சம்பளத்துக்குச் சமைக்கிறாள். பெற்றவர்களை எங்கே சேர்க்கலாம் என்று விசாரிப்பவர்கள் அவளைப் பஸ் நிறுத்தத்தில் மடக்குகிறார்கள். இல்லத்தின் பேர், தெரு, கதவின் நிறம்வரை சொல்லி அனுப்புகிறாள்.

"அவசரம்க்கா. எங்கேயும் இடமில்லைங்கறாங்க. அங்கேயாவது கிடைக்குமா?" என்றாள் ஒருத்தி.

"கிடைக்காம என்ன? நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து பாதிக் கட்டில் காலிதான்."